தங்கை தைத்த ரவிக்கை

என் தங்கைக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது. அவள் கைதேர்ந்த தையல்காரி என்று இரண்டு வருடம் ஒரு குடும்பத்தையே நம்பவைத்தவன் நான். இந்தப் புளுகைக் காப்பாற்ற, எங்கள் வீட்டு மெஷினில்தான் அவளுக்குக் கை ஓடும் என்று சொல்லி, அவள் மாமியார் தைக்கக் கொடுத்த ரவிக்கைத் துணிகளைச் செய்தித்தாளில் சுற்றிப் பஸ்ஸில் தஞ்சோங் காராங்குக்கு எடுத்துப் போவேன். அங்கே ஒரு சீனத் தையல்காரம்மா இருந்தார். அளவு ரவிக்கையை மறந்துவிட்டுப் போன ஒருநாள், மாமியாரின் சுற்றளவைக் கையால் காட்ட வேண்டியதாயிற்று. கடையில் இருந்த பெண்கள் அன்று பார்த்த பார்வைக்குப் பிறகு அளவு ரவிக்கையை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

புளுகு பிறந்த கதை இது. எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தைக்குப் பக்கத்து எஸ்டேட் தோட்டமொன்றில் நாங்கள் இருந்தபோது, பதினெட்டு வயதுத் தங்கையின் கழுத்தில் கட்டி வந்தது. புற்றுநோய் என்றார்கள். கோலாலம்பூரில் ஒரு வருடம் வைத்தியம். நெஞ்சில் கரண்ட் என்கிற கதிர்வீச்சு வைத்தார்கள், நரம்பில் சிவப்பு மருந்து ஏற்றினார்கள். பிழைத்து வந்தாள். தோட்டத்தில் கேட்டவர்களுக்கு, உறவுக்காரர் வீட்டில் தங்கித் தையல் படித்தாள் என்று சொன்னோம். தலைமுடி போனதற்குப் பத்துமலை முருகனுக்கு மொட்டை வேண்டுதல். இரண்டும் என் கற்பனை. அந்தக் காலத்தில் நான் கதைகள் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பித் திரும்பப் பெற்றுக்கொண்டிருந்தேன். பிரசுரமான ஒரே கதை இதுதான்.

கடைசி நாளில் டாக்டர் அப்பாவையும் என்னையும் உள்ளே கூப்பிட்டார். தங்கை வெளியே பெஞ்சில் இருந்தாள். நோய் அவளுக்கு, விளக்கம் ஆண்பிள்ளைகளுக்கு. குழந்தை பிறப்பது சந்தேகம் என்றார். என்னென்ன மருந்து கொடுத்தார்கள் என்று எழுதிய கடிதம் ஒன்றைத் தந்து, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்டச் சொன்னார். அதை நான் ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்தேன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எதையாவது ஒளிக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை லோரி ஓட்டுபவர். மோட்டார் சைக்கிளில் விழுந்து பதினான்கு நாள் நினைவில்லாமல் கிடந்து எழுந்ததை அவர் வீட்டார் விலாவாரியாகச் சொன்னார்கள், கால் தழும்பைக்கூடக் காட்டினார்கள். எல்லாரும் உச்சுக்கொட்டி வியந்தோம். அதைவிடப் பெரிய கண்டத்திலிருந்து எழுந்து வந்தவள் கழுத்துத் தழும்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு காப்பி கொடுத்தாள். சாகாமல் இருந்தது அவளுக்கு ஒரு குற்றம்போல. இதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று வரவில்லை. அன்று நான் தையல் வகுப்பின் மேன்மைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமான முதல் மாதமே அவள் புருஷனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாளாம். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றாராம் அந்த வீரர்.

இரண்டாம் வருடம், சந்தேகம் என்று டாக்டர் சொன்ன குழந்தை தங்கியது. மாப்பிள்ளை வெளியூரில் இருந்ததால் கோலா சிலாங்கூர் பக்கத்துக் கிளினிக்கில் பதிவு செய்ய நானும் போனேன். முன்னே ஏதாவது பெரிய வியாதி உண்டா என்று மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, கேட்டார். பக்கத்தில் மாமியார் நின்றார். தங்கை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டு, ஒன்றுமில்லை என்றேன். அட்டையில் அப்படியே ஏறியது.

ஆறாம் மாதம் மூச்சு வாங்கியது. பிள்ளைத்தாச்சிக்கு மூச்சு வாங்காதா என்றார்கள் பெண்கள். கால் வீங்கியது. உப்பைக் குறை என்றார்கள். படுத்தால் மூச்சு முட்டி உட்கார்ந்தே தூங்கினாள். சோம்பேறித்தனம், குனிந்து கூட்டினால் சுகப்பிரசவம் ஆகும் என்றார் ஓர் அனுபவசாலி. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரஸர் சத்து மாத்திரை கொடுத்தார். அவரைத் திட்டி என்ன பயன்? அவர் பார்த்த அட்டையில் என் பொய்தானே இருந்தது.

ஏழாம் மாதம் வளைகாப்பு. மாமியார் புது ரவிக்கையில் வந்து, மருமகள் தைத்தது என்று ஒவ்வொருவரிடமும் கையைத் தூக்கிக் காட்டினார். தங்கைக்கு ஒரு கை வளையல் அடுக்கி முடிப்பதற்குள் உதடு நீலம் பாரித்துவிட்டது. வளையலோடு கிளினிக்குக்கு அள்ளிக்கொண்டு போனோம்.

அதே மிஸ்ஸி. அட்டையைப் பார்த்துக்கொண்டே, உண்மையிலேயே முன்னே ஒன்றுமில்லையா என்றார். நான் மாமியாரைப் பார்த்தேன். தங்கை என்னைப் பார்க்கவே இல்லை.

"எனக்குக் கேன்சர் வந்துச்சு மிஸ்ஸி," என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்து. "நெஞ்சுல கரண்ட் வெச்சாங்க. அண்ணங்கிட்ட கடுதாசி இருக்கு."

ஆம்புலன்ஸ் அவளைக் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. நான் வீட்டுக்கு ஓடிப் புத்தகத்தை உதறிக் கடிதத்தை எடுத்துப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு என்னை நிற்கவைத்துக் கேட்டார். அந்தச் சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தின் தசையைத் தளர்த்திவிடுமாம், நெஞ்சில் வைத்த கரண்டும் சேர்ந்தால் இன்னும் மோசமாம். வருடக்கணக்கில் வெளியே தெரியாமல் இருந்துவிட்டு, கர்ப்பத்தில் ரத்தம் கூடுதலாக இறைக்க வேண்டி வரும்போது இதயம் திணறுமாம். புற்றுநோய் வந்தவர்களில் எத்தனையோ பேர் நல்லபடியாகப் பிள்ளை பெறுகிறார்கள், முதல் மாதமே தெரிந்திருந்தால் இவளையும் கவனித்திருப்போம் என்றார். கடைசியாக, கடிதத்தை என் முகத்துக்கு நேரே நீட்டி ஒன்று கேட்டார்.

"இதை யாரிடமிருந்து ஒளித்தீர்கள்? நோயிடமிருந்தா?"

எட்டாம் மாதத் தொடக்கத்தில் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கையில் அடங்குகிற உடம்பு, கண்ணாடிப் பெட்டியில். தங்கை ஐந்து நாள் இழுபறியாகக் கிடந்தாள். பிறகு கண் விழித்து, காலம் முழுக்க மாத்திரை, இனி பிள்ளை வேண்டாம் என்ற உத்தரவோடு வார்டுக்கு வந்தாள். இந்த முறை டாக்டரம்மா எங்கள் யாரையும் கூப்பிடவில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்து அவளிடமே சொன்னார். இவ்வளவுதான் வேலை. ஒரு நாற்காலிகூடத் தேவைப்படவில்லை. இதைச் செய்யக் கோலாலம்பூரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வீட்டில் படித்தவன் என்று பெயரெடுத்த எனக்கும் தோன்றவில்லை.

இத்தனை நாளும் மாமியார் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தங்கைக்குக் கஞ்சி ஊட்டினார், வேர்வை துடைத்தார், குழந்தைக் கண்ணாடிக்கு வெளியே மணிக்கணக்காக நின்றார். வெடிக்கப்போகிறார் என்று நான் தினமும் பதில் தயாரித்தேன். குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அப்ப அந்த ரவிக்கையெல்லாம் யாரு தைச்சது?"

"தஞ்சோங் காராங்குல ஒரு டைலர், அத்தை."

"அதானே பார்த்தேன். எல்லாம் அக்குள்ல இறுக்குது. புள்ள கஷ்டப்பட்டு தைச்சதாச்சேன்னு ரெண்டு வருசமா பொறுத்துக்கிட்டேன்லா. மொதல்லயே சொல்லியிருந்தா தையலைப் பிரிச்சு விட்டிருப்பேன்."