வெள்ளிக்கிழமை சாகவேண்டிய பஸ் டிரைவர்

கொரியாவின் யோசு சந்தையில் பொங்ரேவின் தொடுகறிக் கடைக்குப் பெயர் உண்டு. வாய்க்கும் உண்டு. புருஷன் செத்த நான்கு வருஷமாக அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்லை என்பதும் ஊருக்குத் தெரியும். நெத்திலி வாங்கப் படகுத்துறைக்குப் போன மனுஷன் அங்கேயே சுருண்டு விழுந்துவிட்டார். சாவுக்கு வந்தவர்களுக்கு மூன்று நாளும் சூப் ஊற்றியே அவளுக்குப் பொழுது போனது. கல்நெஞ்சுக்காரி என்று காதுபடவே பேசினார்கள். நெஞ்சில் அடைத்துக்கொண்டு நின்றதை யாரிடம் போய்ச் சொல்வாள்?

காலையில் பக்கத்து முடிதிருத்தும் கடையில் சந்தைப் பெண்களோடு உட்கார்ந்து சீரியல் பார்ப்பாள். அதில் வரும் பஸ் டிரைவர் தோக்பே என்றால் அவளுக்கு உயிர். அந்தக் கடைக்காரி ஜொம்சுக்குக்கு ஃபோனை நோண்டி எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடும் வியாதி.

"அக்கா, தோக்பே வெள்ளிக்கிழமை காலி. அந்த நடிகர் வேற சேனலுக்குப் போறாராம், டபுள் சம்பளம். வீணா அழுது வைக்காதீங்க."

"உன் வாயில ஊசியக் குத்த," என்றாள் பொங்ரே.

மற்றப் பெண்களுக்குத் துக்கம் அன்றோடு போயிற்று. டபுள் சம்பளக்காரனுக்கு எவள் அழுவாள்? பொங்ரேவுக்கோ அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வெள்ளிக்கிழமை விடியலில் எழுந்து, சாவுக்கு ஊற்றும் அந்தச் சிவந்த மாட்டிறைச்சி சூப்பையே ஒரு குண்டான் காய்ச்சித் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"உசுரோட இருக்கிறவனுக்குச் சாவுச் சோறா? புத்தி கெட்டுப்போச்சா அக்கா?" என்றாள் ஜொம்சுக்.

டிவியில் அமைச்சர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். இன்று தொடர் இல்லை, திங்களன்று வரும் என்று கீழே எழுத்து ஓடியது. கடையே சிரித்தது.

பொங்ரே சிரிக்கவில்லை. "இன்னும் மூணு நாள் இருக்கா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

குண்டானைத் திருப்பித் தூக்கிப்போய்க் குளிர்பெட்டியில் வைத்தாள். மூடப்போன கதவைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். புருஷனின் கடைசி நாள் காலையில், இந்தப் பெட்டியைத் திறந்து போட்டுட்டியே என்று அவரை வாய்க்கு வந்தபடி திட்டித்தான் அனுப்பினாள். மனுஷன் பதில் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "திறந்து வச்சது நான்தாங்க," என்றாள்.

திங்கட்கிழமை தோக்பே பஸ்ஸை ஓரங்கட்டி, பயணிகளை இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்தான். பொங்ரே வாய்விட்டு அழுதாள். அடக்க அடக்க வந்தது.

ஜொம்சுக் பதறிப்போனாள். "அய்யோ அக்கா, அந்த ஆளு நல்லாத்தான் இருக்காரு. நேத்துகூடப் பேட்டி குடுத்தாரு."

"தெரியும்டி. நூறு வயசு இருக்கட்டும். நான் எங்க வீட்டுக்காரருக்கு அழறேன்."

அழுது முடித்து, மூக்கைத் துடைத்து, ஜொம்சுக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ நல்லா இருப்படி. அவரு போனப்போ ஒருத்தரும் எனக்கு முன்னாடி சொல்லல. இந்தத் தடவை நீ ஒருத்திதான் சொன்ன."

பொங்ரே சூப்பைச் சூடாக்கி, ஜொம்சுக்குக்குத்தான் முதல் கிண்ணம் ஊற்றினாள்.