தெருக்குழாயில் சூட்டிங்

இது நடந்தது எந்தக் கோடையில் என்பதில் எனக்கும் அண்ணனுக்கும் இன்றும் தகராறு உண்டு. நான் இரண்டாம் வகுப்பு முடித்த விடுமுறை என்பான் அவன். மூன்றாம் வகுப்பு என்பேன் நான். காது குத்துவது ஒற்றைப்படை வயதில்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அத்தை மகனுக்கு அப்போது மூன்று நடந்தது. அவன் எனக்கு ஐந்து வயது இளையவன். ஆகவே எனக்கு எட்டு. இந்தக் கணக்கை அண்ணனிடம் எத்தனையோ முறை போட்டுக் காட்டிவிட்டேன். ஆனாலும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

வைகாசி வளர்பிறை அது. முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை வயலுக்குத் திறக்க இன்னும் நாள் கிடந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் எங்கள் ஊர் ஒரு பேரூராட்சி. எந்தப் பேரூராட்சி என்பதை இங்கே விட்டுவிடுகிறேன். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் தைப்பொங்கலுக்குப் பிறகு எரிந்துபோனது. அதற்குப்பின் தெருக்குழாய் என்பது ஆடு கட்டுவதற்கு வசதியான ஒரு கம்பி, அவ்வளவுதான். பெண்கள் திராட்சைத் தோட்டத்துப் பம்புசெட்டுக்கு நடந்துபோய்த் தண்ணீர் எடுத்து வந்தார்கள். கரண்ட் போனால் வெறுங்குடத்தோடு திரும்பினார்கள்.

இந்த நிலையில்தான் அத்தை தன் மகனுக்குக் காதுகுத்து வைத்தாள். அத்தை அப்பாவின் தங்கை, எங்கள் தெருவிலேயே இருந்தாள். ஜெயமங்கலத்திலிருந்து மாமாவின் ஆட்களும், கெங்குவார்பட்டியிலிருந்து அவர்களுடைய சம்பந்த வீட்டாரும் வருவதாக இருந்தது. ஆடு வாங்கியாயிற்று. பந்தலுக்குச் சொல்லியாயிற்று. வாடகைக்கு எடுத்த அண்டாக்களும் கொப்பரைகளும் வாசலில் வந்து இறங்கியாயிற்று. தண்ணீர் மட்டும் இல்லை.

சித்தப்பாவுக்கு ஊரில் ஒரு கேபிள் சேனல் இருந்தது. வீட்டுக்கு வீடு செட்டாப் பெட்டி வராத காலம் அது. பழைய படம், பிறந்தநாள் வாழ்த்து, நகைக்கடை விளம்பரம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அதில் ஓடும். முதலாளி, நிருபர், கேமராக்காரர், செய்தி வாசிக்கும் குரல் எல்லாமே சித்தப்பாதான். காதுகுத்துக்கு இரண்டு நாள் முந்தி அவர் அத்தை வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து ஒரு சேதி சொன்னார். பேரூராட்சி அவருக்கு ஒரு வேலை கொடுத்திருந்தது. குடிநீர்ச் சாதனை பற்றி ஒரு சிறப்பு நிகழ்ச்சி எடுக்க வேண்டும், ஒரு வாரம் ஓட்ட வேண்டும்.

“எந்தக் குடிநீர்?” என்று கேட்டாள் அத்தை.

“நம்ம தெருக் குடிநீர்தான்க்கா.”

“அதுக்குத் துட்டு யாரு குடுக்குறாக?”

“பேரூராட்சிதான். மோட்டாரு ரிப்பேருக்குன்னு ஒதுக்குனதுல இருந்து விளம்பரத்துக்கு மாத்தி விட்ருக்காக.”

அத்தை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏலே, மோட்டாரு மாட்டுற காசுல, மோட்டாரு ஓடுதுன்னு படம் புடிக்கப் போறீகளா?”

சித்தப்பாவுக்குப் புரையேறியது. அவரைப் பற்றித் தவறாக எண்ண வேண்டாம். நகைக்கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்தியிருந்தார். பேரூராட்சியைப் பகைத்தால் தெருவிளக்குக் கம்பங்களில் கேபிள் கட்டிக்கொண்டு போக முடியாது. “நான் எடுக்கலேன்னா தேனியில இருந்து வேற ஆளு வந்து எடுத்துட்டுப் போறான்” என்று மெதுவாகச் சொன்னார். அத்தை கரண்டியை மறுபடி கையில் எடுத்தாள். பிறகு, படத்தில் குழாயில் தண்ணீர் வர வேண்டாமா, அது எங்கேயிருந்து வரும் என்று கேட்டாள். லாரித் தண்ணீர் என்றார் சித்தப்பா. அத்தையின் முகம் அப்படியே மலர்ந்தது. பயனாளியாகப் பேசுவதற்கு ஆள் வேண்டும் அல்லவா, நானே பேசுகிறேன் என்றாள். மனசு மாறி நல்லவளாகிவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் தண்ணீர் லாரி வந்து குழாய்க்குப் பின்னால் இருந்த சந்தில் நின்றது. டிரைவர் குழாயின் அடியை அறுத்து, லாரியின் ஹோஸைச் செருகி, சைக்கிள் டியூபைக் கீறி இறுக்கிக் கட்டினார். செயல் அலுவலர் ஜீப்பில் வந்தார். இ.ஓ. என்று ஊரில் சொல்வார்கள். வெளியூர்க்காரர், சலவைச் சட்டைக்காரர். ஹோஸ் படத்தில் தெரிகிறதே என்று அவர்தான் முதலில் கவலைப்பட்டார். அத்தை தன் வீட்டு வாசலில் கட்டியிருந்த குலைவாழை ஒன்றை அவிழ்த்துவரச் சொல்லி, குழாயை ஒட்டி நிறுத்தினாள். ஹோஸ் மறைந்தது. எங்கள் தெருக்குழாய்க்கே காதுகுத்து என்பதுபோல் இருந்தது.

தெருப் பெண்கள் குடங்களோடு வந்து வரிசையாக நின்றார்கள். இ.ஓ. பதறிவிட்டார். வரிசை தெரிந்தால் தட்டுப்பாடு என்று ஆகிவிடும், எல்லோரும் கேமராவுக்குப் பின்னால் போங்கள் என்றார். அவர்களும் மறுபேச்சில்லாமல் பின்னால் போய் நின்றார்கள். அவ்வளவு அடக்கமாக அவர்களை நான் பார்த்ததே இல்லை.

காட்சி இதுதான். அத்தை குழாயைத் திறந்து குடத்தை வைப்பாள். குடம் நிறையும். பக்கத்தில் மஞ்சள் பாவாடை கட்டிய நான் ஒரு டம்ளர் பிடித்து மடமடவென்று குடித்துவிட்டுச் சிரிப்பேன். அத்தை குடத்தை இடுப்பில் தூக்கி வைத்து, கேமராவைப் பார்த்து, “எங்கள் தெருவில் பாதுகாக்கப்பட்ட குடிநீர் தடையின்றிக் கிடைக்கிறது. பேரூராட்சி நிர்வாகத்துக்கு எங்கள் மனமார்ந்த நன்றி” என்று சொல்லுவாள். குடம் நிறைவதை முழுசாகக் காட்ட வேண்டும், அப்போதுதான் ஜனங்கள் நம்புவார்கள் என்று சித்தப்பா இ.ஓ.விடம் அழுத்திச் சொன்னார்.

முதல் தடவை அத்தை நன்றாகவே தொடங்கினாள். நன்றி சொல்லும் இடத்தில், “மாரியாத்தாளுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி” என்று முடித்துவிட்டாள்.

“பேரூராட்சிம்மா” என்றார் இ.ஓ.

“பழக்க தோசம் சார். இன்னொருக்க எடுப்போம்.”

நிறைந்த குடம் கைமாறிக் கேமராவுக்குப் பின்னால் போனது. காலிக் குடம் முன்னால் வந்தது. ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் நடுவில் குழாயை யாரும் மூடவில்லை, காலிக் குடங்கள் வந்து நிறைந்து போய்க்கொண்டே இருந்தன. இரண்டாம் தடவை தும்மல் வந்தது. மூன்றாம் தடவை, “தடையின்றிக் கிடைக்கிறது, லாரிக்காரத் தம்பி நல்லா இருக்கணும்” என்றாள். டிரைவர் சந்துக்குள்ளிருந்து, “இருக்கட்டும்க்கா” என்று குரல் கொடுத்தார். அதையும் வெட்ட வேண்டியதாயிற்று. அடுத்த தடவை பாதியில் நிறுத்தி, “ஏன் சார், உங்க அம்மாவுக்கு மூட்டுவலின்னாகளே, தேவலையா?” என்று கேட்டாள். இ.ஓ. தன்னையறியாமல், பரவாயில்லம்மா என்று பதில் சொல்லிவிட்டார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. சண்டையென்றால் மூச்சுவிடாமல் பேசுகிற அத்தைக்கு இரண்டு வரி வரவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை, அவள் ஒவ்வொரு தடவை தப்புப் பண்ணும்போதும் நான் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாக வேண்டும். நடந்தால் வயிறு களக் களக் என்றது. ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சித்தப்பாவிடம் கெஞ்சினேன். “கண்டினியூட்டி போயிரும் தாயி” என்றார். கண்டினியூட்டி எதுவோ தெரியாது, ஆனால் எனக்கு முந்தி அது போய்விடுமோ என்று பயந்து நின்றேன்.

அத்தை வீட்டுக்குள் தூக்கி வைத்திருந்த அண்டாக்கள் ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டிருந்தன. எதிர்வீட்டு, பக்கத்துவீட்டுத் தொட்டிகளும் நிறைந்தன. கேமராவுக்குப் பின்னால் சிரிப்பை அடக்கிக்கொண்டு குடங்கள் ஓடின. திரும்பிப் பார்த்தால் இ.ஓ.வுக்கே தெரிந்திருக்கும். அவர் குழாயையும் அத்தையின் வாயையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த தடவை அத்தை, “பாதுகாக்கப்பட்ட...” என்று இழுத்து நின்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை. மிச்சத்தை நானே கடகடவென்று ஒப்பித்துவிட்டேன். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

இ.ஓ.வின் முகத்தில் அன்று முதன்முறையாக வெளிச்சம் வந்தது. “அருமை. இந்தப் பாப்பாவே பேசட்டும்.”

“சின்னப் புள்ள பேச்ச யாரு சார் நம்புவா?” என்றாள் அத்தை அவசரமாக.

“பிள்ளை சொன்னாத்தான்மா நம்புவாங்க.”

அத்தை என்னைப் பார்த்த பார்வை பொறாமை என்றே எடுத்துக்கொண்டேன். டம்ளரை வைத்துவிட்டு நிமிர்ந்து நின்று, முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லி, கடைசியில் கைகூப்பிச் சிரிக்கவும் செய்தேன். அதைச் சொல்லிக்கொடுத்தது யாருமில்லை, நானாகவே சேர்த்தது. இ.ஓ. கைதட்டினார்.

சித்தப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார். “மன்னிக்கணும் சார், பட்டனை அமுக்க மறந்துட்டேன்.”

மறுபடி சொன்னேன். காக்கை குறுக்கே போய்விட்டது என்றார். நான் வானத்தைப் பார்த்தேன், ஒரு காக்கையும் இல்லை. மறுபடி தொடங்கினேன். அப்போது குழாய் இருமியது. காற்றைக் கக்கியது. ஒரு கடைசிச் சொட்டு குடத்தின் விளிம்பில் விழுந்தது. சந்தில் டிரைவர் லாரியின் தொட்டியைத் தட்டிக் காட்டினார். டங்கென்று வெறுமையாக ஒலித்தது.

“ஒண்ணுமே சரியா வரலையாப்பா?” என்று கேட்டார் இ.ஓ., கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

“பாப்பா மொதத் தடவை சொன்னதே நல்லாத்தான் இருக்கு சார்” என்றார் சித்தப்பா.

பட்டனை அமுக்கவில்லை என்றவர் இவர்தானே என்று நான் கத்தினேன். அத்தை என் வாயைப் பொத்தி, தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினாள். அந்த நேரத்தில் அது எனக்குத் தேவையாகவும் இருந்தது.

மறுநாள் காதுகுத்தைப் போல எங்கள் தெருவில் அதற்கு முன்னும் பின்னும் ஒரு விசேஷம் நடக்கவில்லை. வந்தவர்கள் அண்டாவில் மொண்டு மொண்டு குளித்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் அப்பா மடியில் வைத்திருந்த அத்தை மகன், ஆசாரி கிட்டே வருமுன்பே ஊரைக் கூட்டினான். கறிக்குழம்பு எங்கள் சந்து முழுக்க மணத்தது. சாயங்காலம் தொலைக்காட்சிப் பெட்டியை வாசலுக்குத் தூக்கிவந்து வைத்தார்கள். பந்தலுக்கு அடியில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தார்கள். வாழைமரம் தெரிந்தது, குழாய் தெரிந்தது, தண்ணீர் கொட்டியது, நான் கைகூப்பினேன். பந்தலே விசிலடித்தது. கெங்குவார்பட்டிப் பெரியவர் ஒருவர், “ஏப்பா, ஒங்க ஊர்ல இம்புட்டுத் தண்ணியா? தெரிஞ்சிருந்தா ரெண்டு பொண்ணைக் குடுத்திருப்பமே” என்றார். அத்தை சிரித்த சிரிப்பில் பந்தல்கால் ஆடியது. சித்தப்பாவும் சிரித்தார். அக்காவும் தம்பியும் இலை எடுக்கிற இடத்தில் ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டதையும் பார்த்தேன்.

நிகழ்ச்சி ஒரு வாரம் ஓடியது. கடைத்தெருவில் என்னை நிறுத்தி, அந்த வரியைச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். நான் சலிக்காமல் சொன்னேன். குழாய் பழையபடி ஆடு கட்டும் கம்பியானது. அண்டாக்கள் வாடகைக் கடைக்குத் திரும்பின. ஆனி பிறந்ததும் தோட்டத்துப் பம்புசெட்டும் கையை விரித்தது. அத்தை தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, ஆளுக்கொரு காலிக்குடத்தோடு பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

அன்று அத்தைக்கு எந்த வார்த்தையும் தடுமாறவில்லை. எரிந்துபோன மோட்டாரில் தொடங்கி, பிள்ளை குளிக்காமல் பள்ளிக்கூடம் போவது வரைக்கும் நிறுத்தாமல் பேசினாள். “இப்ப மோட்டாரு மாட்டித் தருவீகளா, இல்ல நாங்க இங்கனயே ஒக்காரட்டுமா?” என்று குடத்தைத் தரையில் வைத்தாள். இ.ஓ. கோபிக்கவில்லை. அவர் பார்வை பெண்களைக் கடந்து என்மேல் வந்து நின்றது.

“அடடே, நம்ம டிவி பாப்பா” என்று எழுந்தே வந்துவிட்டார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உன் பேச்சை மேலதிகாரிங்க எல்லாம் போட்டுப் பாத்தாங்க, தெரியுமா? ரொம்ப சந்தோசம் அவங்களுக்கு. இந்தத் தெருவில்தான் தண்ணி நல்லா வருதே, இதுக்குன்னு கேட்டிருந்த புது மோட்டாரை வேற ஊருக்குக் குடுத்துடலாம்னு எழுதி அனுப்பிட்டாங்க.” பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு ஆரஞ்சு மிட்டாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

நான் மிட்டாயோடு திரும்பிப் பார்த்தேன். குடத்தோடு நின்ற ஒருத்தியும் பேசவில்லை. அத்தைகூடப் பேசவில்லை. வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலதிகாரிகள் வரைக்கும் என் புகழ் போன சேதியைக் கேட்டு வாயடைத்துவிட்டார்கள் என்று எனக்குப் புரிந்தது. அதனால் படத்தில் செய்ததுபோலவே அவர்கள் எல்லோரையும் பார்த்துக் கைகூப்பினேன்.