உப்புப் படாத கார்

வெர்லா, ஆர்டிஸின் கால் நகங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். எண்பது வயது நகம் கொம்புபோல் தடித்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்து ஓரம் ஓரமாக நறுக்க வேண்டும். அவளைப் பழக்கியவள் நான். படுக்கையில் கிடந்த ஆர்டிஸைப் பார்த்துக்கொள்வதில் பகல் அவளுக்கு, இரவு எனக்கு.

அது அமெரிக்காவின் டுலூத் நகரில் ஜனவரி மாதம். வெர்லாவின் பழைய கார் இரண்டு தடவை வழியில் நின்றுவிட்டது. மூன்றாவது தடவை வராவிட்டால் வேலை இல்லை என்று எங்களை அனுப்பும் நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். இரண்டு பிள்ளைகளுக்கும் அவள் சம்பளம்தான் சோறு.

பழைய வண்டி விற்கும் கடையில் ஒரு காரைப் பார்த்தாள். அடிப்பாகத்தில் புதிதாகக் கறுப்புப் பூசியிருந்தார்கள். பனிக்காகச் சாலையில் கொட்டும் உப்பு இரும்பைத் தின்ற இடத்தை மறைக்கத்தான் அப்படிப் பூசுவார்கள். வேண்டாமென்று வந்துவிட்டாள். மிச்சமிருந்தது ஆர்டிஸின் கார். ஆர்டிஸின் மகன் கர்ட் அதைத் தாய்க்குத் தெரியாமல் விற்கப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் காரின் சரித்திரம் அவனுக்குத் தெரியாது. தெரிந்தவள் ஆர்டிஸ் ஒருத்திதான்.

“உங்க கார் குளிர்ல உடனே கிளம்புமா?” என்று வெர்லா கேட்டாள்.

ஆர்டிஸின் முகம் மலர்ந்தது. “சாவியைத் திருப்பினா போதும். என் புருஷனை எழுப்புறதுதான் பெரும்பாடா இருந்துச்சு.”

எண்ணெய் ஒழுகுமா, கியர் மாறும்போது உதறுமா என்றெல்லாம் கேட்டாள். ஆர்டிஸ் எதையும் ஒளிக்கவில்லை. உப்புப் போட்ட நாளில் வண்டியை எடுத்ததே இல்லையாம்.

“எங்கயாவது மோதியிருக்கா?”

“ஒரு மான் குறுக்க வந்துச்சு. ரேடியேட்டரை மாத்திட்டேன். கர்ட்டுக்குத் தெரியாது, சொல்லிடாதே. பனி உருகட்டும் பொண்ணே, உன்னை ஏரிக்கரைக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“சரி. இன்னொரு காலை நீட்டுங்க.”

சமையலறைக்குப் போய் கர்ட்டுக்குப் போன் செய்தாள். மானைச் சொல்லி விலையைக் குறைத்தாள். ஆர்டிஸ் மாத்திரை போட்டுத் தூங்கியதும் அவன் வந்து புது பேட்டரி மாட்டிச் சாவியைக் கொடுத்தான்.

“அவ கண்ணு முன்னாலயே ஓட்டிட்டு வருவியா?” என்று இரவு வேலைக்கு வந்த நான் வெர்லாவைக் கேட்டேன்.

“அவங்க இனி ஓட்டப் போறதில்ல. நான் ஓட்டியாகணும்.”

கணக்கு சரிதான்.

மறுநாள் காலை வெர்லா நேரத்துக்கு வந்தாள். வாசலில் வண்டி வந்து நின்ற சத்தத்திலேயே ஆர்டிஸ் படுக்கையில் எழுந்து உட்கார முயன்றாள்.

“அது என் வண்டி. யாரோ எடுத்திருக்காங்க. கர்ட்டைக் கூப்பிடு.”

“பக்கத்து வீட்டு வண்டி” என்று உள்ளே வந்த வெர்லா சொல்லி, சன்னல் திரையை இழுத்து மூடினாள். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு, ஆர்டிஸைப் புரட்டிப் படுக்கவைத்து, நனைந்த துணியை மாற்றினாள்.