இடப்பக்கம் இழுத்த வண்டி

தன் கையில் பலம் போய்விட்டது என்று ஒரு மனுஷன் தானே முடிவு கட்டிக்கொண்டால், கூட இருப்பவளுக்கு எப்படி இருக்கும்? எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகை வரவேண்டிய இடத்திலெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். அப்படியே பிறந்துவிட்டேன், என்ன செய்ய?

ஐம்பதுகளின் ஆரம்பம். ராயபுரத்தில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் டாக்சி ஓட்டினார். வண்டி எங்களுடையது இல்லை. தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரருடையது. ராத்திரியில் எங்கள் வாசலில்தான் நிற்கும். வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கழுவி, நான்கு சக்கரத்துக்கும் மஞ்சள் பூசிப் பொட்டு வைப்பது என் வேலை. முகத்துவாரக்குப்பத்தில் அப்பாவின் படகுக்குச் செய்ததை இங்கே டாக்சிக்குச் செய்தேன், அவ்வளவுதான்.

ஒருநாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டி வரும்போது, மூட்டை வண்டி மாடு ஒன்று மிரண்டு குறுக்கே பாய்ந்தது. இவர் வண்டியை இடப்பக்கம் ஒடிக்க, முன்சக்கரம் ஓரக்கல்லில் மோதி நின்றது. மாட்டுக்கு ஒன்றுமில்லை. ஸ்டீயரிங் வெடுக்கென்று சுழன்றதில் இவருடைய இடது மணிக்கட்டு பிசகிவிட்டது.

பட்டறையில் வண்டியின் மட்கார்டைத் தட்டி நிமிர்த்திப் பெயிண்ட் அடித்தார்கள். இவருக்கு மூங்கில் சிம்பு வைத்து, முட்டை வெள்ளைக்கருவில் பற்றுப் போட்டுக் கட்டினார்கள். கட்டுப் பிரித்து மறுபடி ஓட்ட உட்கார்ந்த அன்றைக்கே வண்டி இடப்பக்கம் போக ஆரம்பித்தது. நேராகப் பிடித்தாலும் ஓரத்துக்கே நழுவியது.

"கையில பலம் இல்லமே. எனக்கே தெரியாம இந்தப் பக்கம் இஸ்துடுது" என்றார்.

ஒருவராவது வண்டியைப் பார்க்கச் சொன்னார்களா? எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். ஒருத்தி எண்ணெய் கொண்டுவந்தாள், ஒருத்தர் தாயத்து மந்திரித்துக் கொடுத்தார். நானும்தான் நொச்சித் தழை வதக்கி ஒத்தடம் கொடுத்தேன். கை நன்றாகத்தான் இருந்தது. குடம் தூக்கினார், மரம் கூடப் பிளந்தார். ஆனால் எங்கள் மகளை மட்டும் தூக்கமாட்டேன் என்றுவிட்டார். கைக்குழந்தை. நழுவ விட்டுவிடுவோமோ என்று பயம். அவள் கையைக் காலை உதைத்துக்கொண்டு இவரைப் பார்த்துச் சிரிப்பாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பார். 

முதலாளி கெட்டவர் இல்லை. அவரே வீட்டுக்கு வந்து, "இந்த மாசம் முடியட்டும்யா. பொறவு வேற ஆள் பாத்துக்கிடுதேன். ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்லுதது?" என்றார். இவர் சரியென்று தலையை ஆட்டினார். 

அந்த வெள்ளிக்கிழமை நான் வண்டி கழுவினேன். இடது முன்சக்கரத்தில் மஞ்சள் பூசும்போது உள்ளங்கையில் ஏதோ உரசியது. கையை உள்ளிருந்து வெளியே இழுத்தால் வழவழப்பு. வெளியிலிருந்து உள்ளே தள்ளினால் முள் முள்ளாகக் குத்தியது. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவுவதற்கும் வாலிலிருந்து தலைக்குத் தடவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். மற்ற மூன்று சக்கரங்களிலும் அப்படி இல்லை. அந்தச் சக்கரம் மட்டும் நேராக உருளாமல் தரையில் தேய்த்துக்கொண்டே போகிறது என்று எனக்குப் பட்டது.

இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். தடவிப் பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு வெளிச்சம்.

"முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஒரே அளவு இருக்கணும். அளந்து பார்த்துடலாம். ஒரே அளவா இருந்தா வண்டி மேல தப்பு இல்ல, என் கைதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து என் அண்ணன் வந்து சேர்ந்தான். கடலிலிருந்து நேரே வந்தவன். கையில் எங்களுக்கு மீன், தோளில் ஈரம் சொட்டும் நூல் கயிறு. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சாயுதுன்னா மறுபக்கம் ரெண்டு கல்லு வையி மாப்ள. படகுல அப்படித்தான் செய்வோம்" என்றான்.

"இது படகா? கயித்தக் குடு" என்றேன்.

சக்கரங்களை நேராக நிறுத்தினோம். பின்சக்கரத்தின் நடுவில் கயிற்றின் நுனியை என் விரலில் சுற்றிப் பிடித்தேன். அண்ணன் மறுமுனையை முன்சக்கரத்தின் நடுவுக்குக் கொண்டுபோனான். முதலில் இடப்பக்கம் அளந்து, முன்சக்கரம் வந்த இடத்தில் முடிச்சுப் போட்டான். பிறகு வலப்பக்கம். அங்கேயும் முடிச்சு சரியாகச் சக்கரத்தின் நடுவில் வந்து நின்றது.

"ஒரே அளவுதான். வண்டி நல்லாகீது மாப்ள" என்றான் அண்ணன்.

இவர் ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார். சட்டையை மாட்டினார். மாசம் முடியும்வரை எதற்கு, இப்போதே முதலாளியிடம் கொடுத்துவிடலாம் என்று தெருவில் இறங்கிவிட்டார். அவர் நடந்து போனதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பாழாய்ப்போன மீனையாவது கழுவுவோம் என்று உட்கார்ந்தேன். உப்பு பட்டதும் விரல் சுரீரென்று எரிந்தது. பார்த்தால் கயிறு அறுத்த தடம், சிவந்து கிடந்தது. எப்போது அறுத்தது? இடப்பக்கம் அளந்தபோது அறுக்கவில்லை. வலப்பக்கம் அளந்தபோதுதான் விரல் துண்டாகிவிடும்போல இருந்தது. அப்புறம் புரிந்தது. முடிச்சு எட்டவில்லை, இவன் இழுத்திருக்கிறான்! பிறந்ததிலிருந்து வலை இழுத்த கை. கயிறு எட்டவில்லை என்றால் எட்டும்வரை இழுக்கும். ஈர நூல் கயிறு, இழுத்தால் நீளாமல் என்ன செய்யும்?

"அடப்பாவி, இஸ்தியா நீ?" என்றேன்.

"பின்ன? கயிறு வந்துகினே இருந்துச்சு, இஸ்தேன்" என்றான், ஏதோ நல்ல காரியம் செய்தவன் மாதிரி.

மீன் கையோடு வாசலுக்கு ஓடினேன். "யோவ்! நில்லுய்யா!" தெருவே திரும்பிப் பார்த்தது. முதலாளியின் கடைப் படியில் கால் வைத்திருந்தவரும் திரும்பினார்.

துணி உலர்த்தும் மூங்கில் கழியை உருவி எடுத்தேன். இடப்பக்கம் வைத்து, முன்சக்கரத்தின் நடு வந்த இடத்தில் கழியில் மஞ்சளால் கோடு போட்டேன். வலப்பக்கம் கொண்டுபோய் வைத்தேன். கோடு எட்டவில்லை. இரண்டு விரற்கடை குறைந்தது.

"மூங்கில இஸ்துப் பாரேன் இப்ப" என்றேன் அண்ணனிடம். அவன் தலையைச் சொறிந்தான்.

இவர் என்னிடமிருந்து கழியைப் பிடுங்கித் தானே வைத்துப் பார்த்தார். மறுபடியும் இடம், மறுபடியும் வலம். பிறகு அந்த நல்ல சட்டையோடேயே வண்டிக்கு அடியில் புகுந்தார். வெகுநேரம் கால் மட்டும் தெரிந்தது. வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ்.

"கல்லுல மோதினப்பவே முன்சக்கரத்தக் கோத்துகினு இருக்கிற ஆக்சில் இடப்பக்கம் பின்னால நகந்துட்டுது. கை இல்லமே" என்றார். அப்புறம் இன்னொரு தரம் மெதுவாக, "கை இல்ல."

பட்டறையில் கழற்றியபோது, ஆக்சிலையும் ஸ்பிரிங் பட்டைகளையும் சேர்த்துப் பிடிக்கும் போல்ட் இடப்பக்கத்தில் அறுந்திருந்தது தெரிந்தது. புதுசு போட்டு, ஆக்சிலை அதன் இடத்தில் உட்கார வைத்தார்கள். ஓட்டிப் பார்க்க முதலாளியும் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். திருவொற்றியூர் தாண்டி, எண்ணூர்ப் பக்கம் ஆளில்லாத நேர் ரோட்டில் இவர் ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டாராம். "ஏய், என்னய்யா செய்யுத?" என்று முதலாளி அலறினாராம். வண்டி கோடு போட்டது மாதிரி நேராகப் போனதாம்.

திரும்பி வந்து சாவியை ஆணியில் மாட்டினார். நான் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன். கைகழுவி, துடைத்து, என் முன்னால் வந்து இடது கையை நீட்டினார். நான் கொடுத்தேன். அந்த ஒரு கையிலேயே அவளை வாங்கி மார்போடு சாய்த்துக்கொண்டார்.

"இன்னாமே, இம்மாங் கனம் கனக்குறா?"

நீ தூக்காத நாளிலெல்லாம் ஏறின கனம்யா அது என்று திட்ட வாயெடுத்தேன். அழுகைதான் வந்தது.