அப்பா சொன்ன காரணங்கள்

எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதுவானாலும் அப்பா காரணங்களைச் சொல்லச் சொல்ல நான் எழுத வேண்டும். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கம் அதற்குப் போதும். கையெழுத்து திருத்தமாக இருந்ததால் பத்து வயதிலேயே அந்த வேலை எனக்கு வந்தது.

அந்த முறை கேள்வி அக்காவைப் பற்றியது. படூரில் ஒரு கல்லூரியில் அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. விடுதியில் தங்க வேண்டும். திங்கட்கிழமைக்குள் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

அப்பா சரக்கு வண்டி ஓட்டினார். வெள்ளிக்கிழமை சிங்கப்பெருமாள் கோயில் ரயில்வே கேட்டில் வெகுநேரம் மாட்டிக்கொண்டு, ஏற்றிப்போன கீரை வாடி, கடைக்காரரிடம் திட்டும் வாங்கித் திருக்கழுக்குன்றத்துக்குத் திரும்பினார். செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "எழுது. ரெண்டு பஸ் மாறணும். அங்க யாரையும் தெரியாது. வூட்ல அம்மாவுக்கு ஆள் இல்ல." எழுதினேன். அக்கா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறன்று மாமல்லபுரத்தில் சரக்கை இறக்கிவிட்டு, கடலில் இறங்கி நின்று, முழங்கால்வரை மணலோடு வந்தார். யாரும் கேட்காமலே தாளை எடுக்கச் சொன்னார். "ரெண்டே பஸ்ஸு. யாரையும் தெரியாதா, நல்லது, தானா பொழைக்கக் கத்துக்கும். அம்மாவுக்கு ஆள் இல்லன்னா இன்னா, நான் கீறன்ல?"

அக்கா படிவத்தையும் பேனாவையும் கொண்டுவந்து வைத்தாள். அம்மா அவர் தட்டில் இன்னொரு தோசை வைத்தாள்.

அப்பா பேனா மூடியைத் திறந்தபோது நான் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்தேன்.

"நைனா, ரெண்டுலயும் அதேதான் கீது. அன்னிக்கு வாணான்னியே."

அவர் விரல் வைத்து இரண்டையும் படித்தார். மறுபடியும் படித்தார். மணல் ஒட்டிய காலை மடக்கிக்கொண்டார்.

"இது சொல்றது கரெக்ட்டுதான். எனக்கே ஒரு நெலை இல்ல. இந்த வருசம் வாணாம்" என்று மூடியைப் போட்டார்.

"பெரிய ஜட்ஜம்மா. உன்ன யார்டி கேட்டா?" என்றாள் அக்கா. அதன்பின் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். கல்லூரிப் பேச்சு எழவே இல்லை.

எழுதியிருந்ததைத்தான் காட்டினேன், அதில் என் விருப்பு வெறுப்பு ஏதும் இல்லை என்று அம்மாவிடம் பொறுமையாக விளக்கினேன். அக்கா போய்விட்டால் யார் பக்கத்தில் படுப்பது என்று அந்த வாரம் முழுக்கப் போர்வைக்குள் நான் அழுதது, இதோடு சம்பந்தமில்லாத வேறு விஷயம் என்றே நினைத்திருந்தேன்.