பொக்கேவுக்குச் சாஸ்திரம் இல்லை

திருப்பதியில் அந்தப் பூக்கடைக்குள் ஸ்டூல்கள் மூன்றுதான் இருந்தன. ஒன்றில் பூத்தண்டு வெட்டும் கத்தரி, இன்னொன்றில் கடைக்காரரின் சாப்பாட்டு டப்பா. மூன்றாவதில் நான் உட்கார்ந்தேன். அதற்கும் ஒரு கால் ஆடியது. பக்கெட்டுகள் பதினொன்று, இரண்டில் தண்ணீர் இல்லை. சொன்னேன். கடைக்காரர் தலையாட்டினாரே தவிர ஊற்றவில்லை.

பேத்திக்குக் கல்யாணம். முகூர்த்தம் எங்கள் சத்தியவேட்டில், ரிசப்ஷன் திருப்பதியில். மாப்பிள்ளை வீட்டார் சித்தூர்க்காரர்கள். பேத்தியின் அம்மா என் ஒரே மகள். புருஷன் தவறிப்போய் ஒன்பது வருடமாகிறது. ஸ்ரீசிட்டியில் ஒரு பேக்டரியில் ஷிப்டுக்குப் போய்த்தான் பெண்ணை பி.டெக் படிக்க வைத்தாள். அந்தப் பெண்ணின் கல்யாணத்தில் அவள் கை படக்கூடாத காரியங்களை எண்ணிக்கொண்டு வந்தேன். பந்தக்கால், நலங்கு மஞ்சள், கூறைப்புடவை, தாலிச்சரடு, மாலை, தலையில் வைக்கும் பூஜடை. ஆறு. மாலைக்குக் கதம்பமா சம்பங்கியா என்று பேசிய அன்றுகூட அவளைச் சமையல்கட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். அவளும் இருந்தாள்.

மிச்சம் இருந்தது ரிசப்ஷனில் பெண் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பொக்கே. அது எங்கள் வீட்டில் யாருக்கும் இருந்ததில்லை. அதனால் அதற்கு யாரிடமும் ஒரு முறையும் இல்லை.

"நைனா, அது ஒண்ணு நான் எடுக்கிறேன். அதுக்குச் சாஸ்திரம் இல்ல" என்றாள் என் மகள். இரண்டு வாரமாக ஷிப்ட் முடிந்து வந்து செல்போனில் பொக்கே படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடையில் ஜெர்பராவை முதலில் தள்ளினாள். ஆர்க்கிட்டைப் பேத்தி கேட்டும் தள்ளினாள். வெளிர் ரோஸ் நிறத்தில் பாதி விரிந்த ரோஜாக்களாகப் பார்த்து, தண்டின் அடியை நகத்தால் கீறி ஈரம் பார்த்து ஒவ்வொன்றாக எடுத்தாள். இருபத்தோரு ரோஜா. நடுவில் சொருக மரிக்கொழுந்து. கைப்பிடியில் ரிப்பனுக்குப் பதில் மல்லிகைச் சரம் சுற்றச் சொன்னாள்.

"பாகா தெலுசம்மா மீகு" என்று, பூவைப் பற்றி நன்றாகத் தெரிந்திருக்கிறதே என்று கடைக்காரர் தெலுங்கில் பாராட்டினார்.

"அம்மா, செமையா கீது" என்றாள் பேத்தி.

அப்போதுதான் எதிர்க்கடையில் ஜாக்கெட் துணி பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்தார். என் மகள் கையைப் பார்த்தார்.

"யாரு எட்த்தது இது?"

"நான்தான் சம்பந்தி."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம். இப்டி ஓரமா நில்லுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ரோஜாக்களை அவள் கையிலிருந்து மொத்தமாக உருவி எடுத்து, தண்ணீர் இல்லாத பக்கெட்டில் போட்டார். கடைக்காரரிடம், "வேற கட்டு பிரிப்பா. இது வேணாம்" என்றார்.

"பொக்கே வெள்ளைக்காரன் சமாச்சாரம்தானேம்மா. அதுல இன்னா கீது?" என்றேன் நான்.

"பூன்னா பூதான் பெரியவரே. எம்புள்ள நூறு வருஷம் இருக்கணும்னு நான் நெனைக்க மாட்டனா?"

என் மகள் தன் பெண்ணைப் பார்த்தாள். பெண் செல்போனைப் பார்த்தாள். கடைக்காரர் கத்தரியைத் துடைத்தார்.

பேத்திதான் வழி சொன்னாள். படித்த பெண்.

"அத்தை, அம்மா பிளாஸ்டிக்ல ஒண்ணு எடுக்கட்டுமே. போட்டோவுக்குத்தான. வாடவும் வாடாது."

சம்பந்தி அம்மாள் கொஞ்சம் யோசித்தார். முகம் மலர்ந்தது.

"அது பூவே இல்லியே. அதை யாரு தொட்டா இன்னா? எட்த்துக்கங்க சம்பந்தி, எது வேணுமோ எட்த்துக்கங்க. உங்க இஷ்டம்."

எல்லோருக்கும் நிம்மதி. கடைக்காரர் மேல் அலமாரியிலிருந்து பாலித்தீன் உறை போட்ட பொக்கேக்களை இறக்கினார். பன்னிரண்டு. உறை மேல் தூசி. எனக்கு நாலு தும்மல் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு என் மகள் வெளியே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். வரவில்லை. ஒவ்வொரு உறையாகப் பிரித்து, முந்தானையால் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அசல் ரோஜாவுக்கு எடுத்துக்கொண்டதைவிட அதிக நேரம். ஒன்பதாவது வெளிர் ரோஸ் நிறம். அதன் தண்டையும் நகத்தால் கீறினாள். உள்ளே கம்பி. பிறகு மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாசனை எப்டி கீது சம்பந்தி?" என்று அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். கடைக்காரரும் சிரித்தார். பேத்தியும் சிரித்தாள், அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது என்று வைத்துக்கொள்கிறேன்.

"நல்லாத்தான் கீது" என்றாள் என் மகள்.

ரிசப்ஷனில் மேடைப் படி ஏழு. மகள் ஒன்றிலும் கால் வைக்கவில்லை. நாங்கள் கடைசி வரிசை நாற்காலிகளுக்குப் பின்னால், கை கழுவும் இடத்தை ஒட்டி நின்றோம். சம்பந்தி அம்மாள் வந்தவர்களிடமெல்லாம், "பொக்கே எங்க சம்பந்தி எட்த்தது. அதெல்லாம் நாங்க பாக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெரிய மனுஷி என்று நாலு பேர் சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

போட்டோகிராபர் பேத்தியைப் பொக்கேவை மோந்து பார்க்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு மோந்தாள். சரியாக வரவில்லை என்று மறுபடி. ஐந்து தடவை. மேடை விளக்கில் அந்த ரோஸ் நிறம் அடிபட்டுப் போய், பொக்கே முழு வெள்ளையாகத் தெரிந்தது.

"நைனா, கலர் நல்லா எட்த்துக்கினேன் இல்ல?" என்று மகள் கேட்டாள்.

"எனக்கு இங்கேருந்து தெரியலை" என்றேன்.