என் பெயர் இல்லாத வம்சாவளி

எங்கள் பக்கத்தில் யாரிடமாவது போய் "உங்க தாத்தா பேரு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். தாத்தா பெயர் வராது. "என்னத்துக்குக் கேக்குற?" என்றுதான் வரும். கேட்டவளுக்குப் பின்னால் ஒரு வக்கீல் நிற்கிறாரா என்று கண் ஒருமுறை வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். நாகல் நகரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, கல்யாணப் பத்திரிகைகள் டைப் செய்து அச்சகத்துக்குக் கொடுத்துவந்தேன். அந்த வேலை செய்கிறவளுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் போதும், ஒரு குடும்பமே பந்தியில் கை நனைக்காமல் எழுந்து போய்விடும். கை நனைக்காமல் போனவர்கள் மறுபடி அந்த வாசலை மிதிக்க ஒரு தலைமுறை ஆகும். எங்கள் சொந்தத்திலேயே அப்படி ஒன்று நடந்து, பழி என் தலையில் விழுந்தது. "டைப்படிக்கிறவ வீட்டுக்குள்ளயே இருக்கா, இருந்தும் பேரு விட்டுப்போச்சாக்கும்!" என்று ஆளாளுக்கு ஏசினார்கள். பெயர்ப் பட்டியலைக் கொடுத்தவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஆத்திரத்தில்தான், ஒருத்தர் விடாமல் எல்லாரையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

சிங்கப்பூரிலிருந்த பெரியப்பா மகன், வம்சாவளி போடுவதற்கென்றே சாஃப்ட்வேர் இருக்கிறது என்று சொல்லி, ஊருக்கு வந்தபோது மூன்று சிடி கொடுத்துவிட்டுப் போனார். ஓசியில் கொடுக்கிறாரே, எதற்காக இருக்கும் என்று எனக்கு அப்போதே ஒரு குறுகுறுப்பு. சிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "அதென்ன மாம்பழமா, மோந்து பாக்குற?" என்றார் என் வீட்டுக்காரர்.

முதல் சிடி எடுத்த எடுப்பில் குடும்பப் பெயர் கேட்டது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தானே. சரியென்று அவரவர் அப்பா பெயரைப் போட்டேன். அது என் தாத்தாவை ஒரு குடும்பமாகவும் அப்பாவை இன்னொரு குடும்பமாகவும், கல்யாணமாகி இனிஷியல் மாறிய என்னை யாரோ ஒரு மூன்றாம் மனுஷியாகவும் பிரித்துவைத்தது. எங்கள் ஊர்க் கோர்ட்டில் பாகம் பிரிக்கப் பத்து வருடம் இழுக்கும். இது செத்த நேரத்தில் முடித்துவிட்டது.

இரண்டாவது சிடி என் அண்ணனிடம் வந்து முட்டிக்கொண்டது. எங்கள் அப்பாவுக்கு நாங்கள் மூன்று பேர். மூத்தவள் அக்கா, அடுத்தது அண்ணன், கடைசி நான். அண்ணன் கட்டியிருப்பது அக்காவின் ஒரே மகளை. அக்கா மகளைத் தம்பி கட்டுவது எங்கள் பக்கத்தில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் உண்டு. "சொத்து வெளிய போகாதுல்ல" என்று கல்யாணத்தன்றே பந்தியில் பேசிக்கொண்டார்கள். அதை உள்ளே ஏற்றியதும் திரையில் மஞ்சளாக ஒரு எச்சரிக்கை வந்து நின்றது: இவர்கள் இருவரும் ஏற்கெனவே உறவினர்கள், தவறாகப் பதிந்துவிட்டீர்களா? அட கூறுகெட்ட சாமானே, உறவு என்பதால்தானே கட்டிவைத்தார்கள்! அழுத்தி "இல்லை" என்று சொன்னதற்கு, அந்தப் பெண்ணை அக்காவுக்குக் கீழே ஒருத்தியாகவும் அண்ணனுக்குப் பக்கத்தில் வேறொருத்தியாகவும் இரண்டு ஆளாக்கிக் காட்டியது. அதையும் கழற்றி எறிந்தேன்.

மூன்றாவதுதான் எங்கள் குடும்பத்தைத் தாங்கியது. தமிழில் அடித்தால் கேள்விக்குறி கேள்விக்குறியாக வந்ததால் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட வேண்டியிருந்தது. ஆனாலும் அக்கா மகளை ஒரே கட்டத்தில் வைத்து, அம்மாவிடமிருந்து ஒரு கோடும் புருஷனிடமிருந்து ஒரு கோடும் இழுத்துக்கொடுத்தது. அவளுக்கு நான் சித்தியும் நாத்தனாரும். கல்யாணத்துக்குப் பிறகும் அவள் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள்.

சாஃப்ட்வேர் கிடைத்துவிட்டது. சொந்தக்காரர்கள்தான் கிடைக்கவில்லை. சித்தையன்கோட்டையில் இருந்த அத்தையிடம் பேரன் பேத்திகளின் பிறந்த தேதி கேட்டேன். "தேதி எதுக்குடி ஒனக்கு? செய்வினை வைக்கிறவுகதேன் தேதி கேப்பாக" என்றாள். இன்னொரு வீட்டில் பெண்ணின் வயதில் நாலைக் குறைத்துச் சொன்னார்கள். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரமாம். ஒரு மாமா மட்டும் எல்லாவற்றையும் தாராளமாகச் சொன்னார். கடைசியில், "ஆமா, இதுக்கு அரசாங்கத்துல எம்புட்டுக் குடுக்குறாக?" என்று கேட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. அண்ணன் விஷயம் அப்படியில்லை. சாணார்பட்டிக்கு உள்ளே தள்ளியிருக்கிற எங்கள் ஊரில், அப்பாவின் தென்னந்தோப்பை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எதுவும் எழுதிவைக்காமல் போய்ச் சேர்ந்தார். சட்டப்படி மூன்று பேருக்கும் பாத்தியதை உண்டு. ஆனால் பாத்தியதை கேட்ட பெண்ணுக்குப் பிறந்த வீடு கிடையாது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மா அப்பா போய்விட்டார்கள், அக்காவும் போய்விட்டாள். "எங்க வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று நான் சொல்லிக்கொள்ள அந்த ஒரு வாசல்தான் மிச்சம். பொங்கலுக்கு அண்ணன் மோட்டார் சைக்கிளில் கரும்பைக் கட்டிக்கொண்டு சீரோடு வந்து இறங்கும்போது, தெருவே பார்க்கட்டும் என்று வேண்டுமென்றே மெதுவாகக் கதவைத் திறப்பேன். அதை ஒரு தோப்புக்காக விடுவேனா?

அண்ணன் வேறு மாதிரி நினைத்திருக்கிறார். "தங்கச்சி வாரிசுக் கணக்கு எடுக்குது, கேசு போடப்போகுது" என்று ஊரில் அவரே பேசியதாக என் காதுக்கு வந்தது. வீட்டுக்காரரிடம் போய்ச் சொன்னேன். "சொல்லிட்டுப் போறாரு, விடு" என்றார் வீட்டுக்காரர். விட முடியுமா? ஒரு காதுகுத்து வீட்டில் எல்லாரும் கூடியபோது, வம்சாவளியை அச்சடித்து ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒளிவு மறைவு இல்லை, பாருங்கள் என்றுதான். அவரவர் தங்கள் பெயரை மட்டும் தேடிப் பார்த்துவிட்டு, அதிலேயே வெற்றிலையை மடித்துக்கொண்டார்கள். அண்ணன் மட்டும் மேலிருந்து கீழே வரை விரலை வைத்துப் பார்த்தார். நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். மனசு குளிர்ந்துபோனது எனக்கு. சந்தேகம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், மண்டூகம்.

அடுத்த மாதமே அண்ணன் வீட்டுக்கு வந்தார், பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு. கையில் இளநீர்க் குலை. பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. "எலி எட்டு முழ வேட்டி கட்டிக்கிட்டு வருதுன்னா சும்மா வராது" என்று அடுப்படியில் என் வீட்டுக்காரர் முணுமுணுத்தார். வாயை மூடுங்கள் என்று ஜாடை காட்டினேன்.

காப்பி குடித்து முடித்துவிட்டு அண்ணன் ஆரம்பித்தார். "ஏத்தா, அன்னைக்கு ஒரு படம் குடுத்தியே, நல்லாத்தேன் இருக்கு. வக்கீலு கூட மெச்சுனாரு."

"வக்கீலா?"

"தோப்ப ஒருத்தரு வெலைக்குக் கேக்குறாரு. வம்சாவளி வேணும்னாக. நீதேன் சுத்தமாப் போட்டு வச்சிருக்கியே. அதுல ஆம்பளப் புள்ள நான் ஒருத்தேன்னு மட்டும் இருந்தாப் போதும். பொம்பளையாளுக பேர எடுத்துட்டு ஒண்ணு அடிச்சுக் குடு."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் காது இரண்டும் சூடாகிவிட்டது. "பொம்பளையாளுகன்னா? நானும் அக்காவுமா?"

"ஆளாளுக்குக் கையெழுத்துன்னு அலைய வேணாம்ல. ஒங்கிட்டப் போயி கையெழுத்துக் கேக்க எனக்கும் கூச்சமா இருக்குத்தா."

"கையெழுத்துக் கேட்டிருந்தா எதுக்குன்னு கூடக் கேக்காமப் போட்டிருப்பேனேண்ணே! என்னையப் பெறவே இல்லைன்னு எழுதச் சொல்றியே, அதுக்குக் கூச்சம் இல்லையா ஒனக்கு?"

நான் விறுவிறுவென்று போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். வீம்பு விடவில்லை. "வாண்ணே, வந்து பாரு" என்று அவரைப் பக்கத்தில் நிறுத்தி, என் கட்டத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். நிச்சயமாக அழிக்க வேண்டுமா என்று அது கேட்டது. மனுஷர் கேட்காததை அதாவது கேட்டதே! ஆமாம் என்றேன். போய்விட்டேன். அடுத்து அக்காவை அழித்தேன். அக்கா போனதும் அவளை ஒட்டியிருந்த அவள் புருஷன் கட்டமும் சேர்ந்து போய், அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த கட்டத்துக்கு மேலே கோடு அறுந்துபோனது. அண்ணன் பெண்டாட்டி, எவருக்கும் பிறக்காதவளாக, ஓரத்தில் தொங்கிக்கொண்டு நின்றாள்.

"இப்ப ஒம் பொண்டாட்டி யாரு மகண்ணே? வக்கீலு கேட்டா என்ன சொல்லுவ?"

கதவோரம் நின்ற அக்கா மகள் மெல்ல வந்து திரையைப் பார்த்தாள். அவளுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். தன் பெயரைப் படித்தாள், மேலே பார்த்தாள், மறுபடி பார்த்தாள்.

"எங்க அம்மாவ எங்க, மாமா?" என்று அண்ணனிடம் கேட்டாள். அவள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவாள், பிறந்ததிலிருந்தே.

"சும்மா இரு. இது காயித வேல" என்றார் அண்ணன். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார். தெரு முனை வரை அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் சேமிக்காமல் மூடினேன். மறுபடி திறந்தபோது நாங்கள் எல்லாரும் அவரவர் இடத்தில் இருந்தோம். இருந்து என்ன செய்ய?

அந்தப் பொங்கலுக்கு அண்ணன் வரவில்லை. வரமாட்டார் என்று தெரிந்தும், மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். வெட்கங்கெட்ட மனசு. மதியம் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. அக்கா மகள் தனியாக இறங்கினாள். தோளில் ஒரு துணிப்பை, கையில் ஒரு சின்னப் பொட்டலம், இரண்டு கரும்பு.

"பொங்கச் சீரு சித்தி" என்றாள்.

பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனேன். சந்தோஷம் வரவில்லை. எதற்காக இவளை அனுப்பியிருப்பார் என்றுதான் வந்தது. அரிசிப் பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் கொத்தை நகர்த்தினேன். சேலையை எடுத்து உதறி, மடிப்புக்குள் பத்திரம் கித்திரம் இருக்கிறதா என்று கையை விட்டுத் துழாவினேன்.

"என்ன சித்தி தேடுறீக?"

நிலைப்படியில் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"ஒண்ணுமில்லத்தா. வெல்லம் எங்கன்னு பாத்தேன்."

"வெல்லம் எங் கையில இருக்கு சித்தி."

பொட்டலத்தை அடுப்புத் திட்டில் வைத்தாள். விரிந்து கிடந்த சேலையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமாவுக்கு நான் வந்தது தெரியாது. எங்கம்மா இருந்தா தங்கச்சிக்கு இந்த வருசம் சீரு செஞ்சிருக்கும்ல, அதேன் கொண்டாந்தேன்" என்றாள்.

"ஒரு வாய் சாப்பிட்டுப் போத்தா, பொங்கலும் அதுவுமா" என்று கையைப் பிடித்தேன்.

"இல்ல சித்தி, பஸ்ஸு போயிரும்."

தண்ணீராவது குடி என்று சொம்பை நீட்டினேன். வாங்கிப் பக்கத்தில் வைத்தாள். என் அக்கா மகள், என் வீட்டில் கை நனைக்காமல் போனாள்.